பட்டாளத்து வண்டிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன்

பினாங்கின் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் ஒரு டுரியான் தோட்டம். பாதை ஒரே ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் செம்மண் சுவர், மறுபக்கம் பள்ளம். ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் வளைவில் மூக்கோடு மூக்கு நின்றால், ஏதாவது ஒன்று ரிவர்ஸில் போயாக வேண்டும். பழக்கூடைகள் நிறைந்த வண்டி, மழையில் நனைந்த மண், இருட்டு என்று மூன்றும் சேர்ந்தால் டிரைவருக்கு உயிர் கையில் இருக்காது. ஹாரன் அடித்தால் மலை அதை வாங்கி வேறு திசையில் திருப்பிக் கொடுக்கும். கைப்பேசிக்கோ பள்ளத்தில் சிக்னல் இல்லை.

அங்கிருந்த இரண்டு வண்டிகளுமே பழைய பட்டாளத்து வண்டிகள். ஒன்று நீளமான லேண்ட் ரோவர், மற்றொன்று மூன்று டன் லோரி. இரண்டிலும் ரேடியோ பூட்டித் தரச் சொல்லித் தோட்ட முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, கூப்பிட்டார். ஜார்ஜ்டவுனில் வண்டி வயரிங் வேலை பார்ப்பவன் நான். டாக்சிக்கும் டெலிவரி வேனுக்கும் ரேடியோ பூட்டிய கை. அரை நாள் வேலை என்று நினைத்துப் போனேன். லோரி ஓட்டுகிற பெரியவரும் அதையேதான் சொன்னார்: “தம்பி, சண்டைக்குப் போய் வந்த வண்டி இது. உன் ரேடியோவுக்கா பயப்படும்?”

அரை நாள் வேலை நாலு மாதம் இழுத்தது. அதில் கற்றவைதான் இவை.

முதலில் வரலாற்றைப் பார், பிறகு வயரை

நம் நாட்டு மலைகளுக்குப் பட்டாளத்து வண்டி புதிதல்ல. போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ லோரிகள்தான் மரம் இழுக்கிற ‘சான் தாய் வோங்’ ஆயின. கேமரன் மலையில் காய்கறி ஏற்றுகிற பழைய லேண்ட் ரோவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். லேண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமானதும் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஒரே ஆண்டு, 1948. காட்டுப் பாதையும் இந்த வண்டியும் அப்போதே பழகிவிட்டன.

ஆனால் எல்லாப் பட்டாளத்து வண்டியும் ஒன்றல்ல. சாமான் ஏற்றவென்றே வந்த லேண்ட் ரோவர்களில் பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ரேடியோவுக்கென்றே தயாரான வகை தனி. பிரிட்டிஷ் ராணுவம் அதை ‘எப்.எப்.ஆர்.’ என்று அழைத்தது. அதில் 24 வோல்ட், பெரிய ஜெனரேட்டர், பிளக் வயர் முழுவதும் உலோக உறை. எங்கள் லேண்ட் ரோவர் அந்த ரகம். முன்பிருந்த யாரோ பட்டறைக்காரர் அந்த உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண வயர் மாட்டியிருந்தார். பெட்ரோல் எஞ்சினில் அந்த உறை அலங்காரத்துக்கு இல்லை. தீப்பொறி எழுப்பும் இரைச்சலை வெளியே விடாமல் அடக்குவது அதுதான். ரேடியோவைத் திறந்தால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பப் படபடவென்று ஒரு சத்தம். தடை உள்ள பிளக் மூடிகள் மாட்டிய பிறகே அது அடங்கியது. ராணுவத்துப் பாகம் எதையும் அது எதற்கு என்று தெரியாமல் கழற்றாதீர்கள்.

பாதியில் கை வைக்காதே

நான் செய்த பெரிய தப்பு லோரியில். அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக நின்று 24 தருகின்றன. ரேடியோவுக்கு வேண்டியதோ 13.8 வோல்ட். கீழ் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் 12 கிடைத்துவிடுமே என்று அப்படியே செய்தேன். ரேடியோ அருமையாகப் பேசியது. தவுக்கே காப்பி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் லோரி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மூடியைத் திறந்தேன். ஒரு பேட்டரி தண்ணீர் வற்றிப் பக்கவாட்டில் உப்பியிருந்தது. மற்றதில் உயிரே இல்லை. கணக்கு எளிது. ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் அனுப்பும். ரேடியோ குடிப்பது ஒன்றிலிருந்து மட்டும். அதனால் ஒன்று என்றும் பட்டினி, மற்றது என்றும் அஜீரணம். இரண்டு பேட்டரியும் என் கணக்கில் போனது.

24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர்தான் சரியான வழி. 25 வாட் ரேடியோ பேசும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். கன்வெர்ட்டர் அதைவிட இரண்டு மடங்காவது தாங்கட்டும். மலிவான கன்வெர்ட்டர் தானே ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி இரையும். அதை ஏரியல் வயரிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள். பியூஸ் ரேடியோ அருகில் இருந்தால் போதாது. பேட்டரியை விட்டு வயர் கிளம்பும் இடத்திலேயே ஒன்று வேண்டும். வயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டால், நடுவில் உள்ள முழு நீளமும் அடுப்புக் கம்பியாகிவிடும்.

எர்த் பழுதானால் ஏரியல் எரியும்

இரண்டாவது தப்பு லேண்ட் ரோவரில். ரேடியோவின் நெகடிவ் வயரை நேராகப் பேட்டரி முனையில் கட்டினேன். வண்டியை மொத்தமாக அணைக்கும் சுவிட்ச் அதில் நெகடிவ் பக்கம் இருப்பதைக் கவனிக்கவில்லை. போதாததற்கு, பேட்டரியைச் சேசியோடு இணைக்கும் எர்த் பட்டையும் துருவில் பாதி தின்னப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது. திரும்பிப் போக நல்ல வழி இல்லாதபோது அது ஏரியல் வயரின் வெளிப்பின்னல் வழியாக, ரேடியோ வழியாகப் பேட்டரிக்கு ஓடியது. விரல் கனமுள்ள கேபிள் சீட்டுக்கடியில் உருகிய நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். பழைய வண்டி எதுவானாலும் ரேடியோ டப்பாவைத் திறக்கும் முன் எர்த் பட்டைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுவேன். நெகடிவ் வயரைச் சுவிட்சுக்கு இந்தப் பக்கம், சேசியில் கட்டுவேன்.

காந்தம் பிடிக்காத வண்டி

தவுக்கே தன் காரில் இருந்த காந்த அடி ஏரியலை எடுத்து வந்து, “இதையே வை” என்றார். லேண்ட் ரோவர் பானெட்டில் வைத்தேன். சறுக்கி என் காலில் விழுந்தது. அந்த வண்டியின் வெளித்தகடு அலுமினியக் கலவை, காந்தம் ஒட்டாது. துளைத்துத்தான் பூட்ட வேண்டும். இரும்பு பிராக்கெட்டை நேரடியாக அலுமினியத்தில் முறுக்கினால், பினாங்கின் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் கிரீஸ் தடவுங்கள். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

லோரிக்குக் கேன்வாஸ் கூரை. ஏரியலுக்கு அடியில் உலோகப் பரப்பு இல்லையென்றால் சக்தி வீண். அதனால் முன் மட்கார்டுக்கு மாற்றினேன். 477 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஏரியல் 16 சென்டிமீட்டர்தான்; கிளை தட்டினாலும் உடையாது. ஏரியல் பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5-க்குக் கீழே காட்டும்வரை விடாதீர்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வளையம் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்புகளை ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். தண்ணீரைவிட எறும்புக்குத்தான் அந்த ஓட்டை ரொம்பப் பிடிக்கும்.

மலை குறுக்கே நின்றால் எத்தனை வாட்டும் பயனில்லை. மேட்டிலுள்ள தொழிலாளர் குடிலான கொங்சியில் ஒரு செட் வைத்து, அங்கிருப்பவர் கேட்டதைத் திரும்பச் சொல்லும்படி ஏற்பாடு செய்தோம்.

யார் அலையில் பேசுகிறோம்?

கடையில் கிடைக்கும் 477 மெகாஹெர்ட்ஸ் குறைசக்திக் கருவிகளைத் தனி அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்; சான்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் சக்தியோ தோட்டத்துக்கென்று தனி அலைவரிசையோ வேண்டுமானால் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக் குறி வைத்திருக்கும் அமெச்சூர் நண்பர்களின் அலையில் வியாபாரம் பேசக் கூடாது. வண்டியோடு வந்த பழைய ராணுவ செட் வேலை செய்கிறதே என்று அதில் பேசுவதும் வேண்டாத வம்பு.

கடைசியில் மாட்டிக்கொண்டது ஒரு சொல்

வயரெல்லாம் சரியான பிறகுதான் விபத்து நடக்க இருந்தது. தோட்டத்தில் தமிழர், சீனர், இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் எல்லோரும் உண்டு. பொதுமொழி மலாய். ஏறினால் ‘நாயெக்’, இறங்கினால் ‘துருன்’, காத்திரு என்பதற்கு ‘துங்கு’. ஓர் இரவு கீழிருந்தவர் ‘துங்கு’ என்றார். பட்டனை அழுத்திய கையோடு பேசியதால் முதல் எழுத்து விழுங்கப்பட்டது. மீதியை மேலிருந்தவர் ‘துருன்’ என்று எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவே ஆறடி இருந்ததாகப் பெரியவர் சொன்னார்.

மறுநாள் நான் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினோம். ‘துங்கு’ போய் ‘ஸ்டாப்’ வந்தது. வளைவுகளுக்கு எண் வைத்திருந்தோம். இரைச்சலில் ‘தீகா’வும் ‘லீமா’வும், அதாவது மூன்றும் ஐந்தும், ஒன்றாகவே கேட்டன. அதனால் அங்கங்கே நிற்கும் டுரியான் மரங்களின் ரகப் பெயரையே வைத்தோம்: ‘ஆங் ஹே’, ‘ஹோர் லோர்’. பட்டனை அழுத்து, ஒரு மூச்சு விடு, பிறகு பேசு. கேட்டவர் திரும்பச் சொல்லாமல் சக்கரம் உருளக் கூடாது.

அடுத்த ஜூன் மாதப் பழக்காலத்தில் ஓர் இரவு லோரியில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஹோர் லோர், நாயெக்” என்று கீழிருந்து குரல் வந்தது. பெரியவர் பட்டனை அழுத்தி, மூச்சு விட்டு, “ஹோர் லோர், நாயெக். நான் ஆங் ஹேயில் ஸ்டாப்” என்றார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“சண்டைக்குப் போன வண்டிதான், தம்பி. ஆனா அப்போ இதுல பேசப் படிச்சவன் உட்கார்ந்திருப்பான்.”