சமரசத் தீர்ப்பை எதிர்ப்பதா? அப்பீல் வேண்டாம்

வழக்கு சமரசமாக முடிந்து, இரு தரப்பும் சம்மதித்த தீர்ப்பு கைக்கு வந்துவிட்டது. கேமரன் மலையின் கம்போங் ராஜாவுக்குத் திரும்பி நிதானமாக வாசிக்கும்போதுதான், ஏமாந்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "அப்பீல் போடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

உயர் நீதிமன்றம் இரு தரப்புச் சம்மதத்தோடு தந்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 68ஆவது பிரிவு சொல்கிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பானாலும் சிக்கல் அதேதான்: நீதிபதி தவறாகத் தீர்மானித்தார் என்று சொல்ல, அவர் தீர்மானித்தது எதுவுமே இல்லை. நீங்கள் ஒப்புக்கொண்டதை அவர் பதிவு செய்தார்.

மலேசியாவில் சரியான வழி பெரும்பாலும் புதிய வழக்கு. 1981இல் கணபதி செட்டியார் வழக்கும் 1996இல் காவ் போ சுவான் வழக்கும் காட்டிய பாதை அது. சம்மதத் தீர்ப்பின் அடியில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தத்தை முறிக்கும் காரணங்களே தீர்ப்பையும் முறிக்கும். மோசடி, மிரட்டல், தவறான தகவல், இரு தரப்புக்கும் பொதுவான தவறான புரிதல் ஆகியவை அவை. 'குறைவாக வாங்கிவிட்டேன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மலாய் தெரியாத தாயாரிடம் வேறு எதையோ சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் நிலைமை வேறு. யார், எப்போது, என்ன விளக்கினார் என்பதை இன்றே எழுதிவையுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே சட்டம் நேர்மாறானது. அந்நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976இல் சேர்த்த திருத்தம் சமரசத் தீர்ப்பை எதிர்த்துத் தனி வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில்தான் மனுப்போட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் உறுதிசெய்தது. அப்பீல் இல்லை என்ற ஒன்றில் மட்டும் இரண்டு நாடுகளும் ஒத்துப்போகின்றன.

இங்கேயும் அதே நீதிமன்றத்துக்குப் போகும் சில சந்தர்ப்பங்கள் உண்டு. நில எண் தவறாகத் தட்டச்சாகியிருந்தால் திருத்தக் கேட்கலாம். தீர்ப்பே ஒரு சட்டத்தை மீறினால் அதையும் அங்கே கேட்கலாம். நம் மலையில் இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் காய்கறி நிலங்கள் பல டி.ஓ.எல். எனும் தற்காலிக நில உரிமத்தில் இருந்துவந்தவை. அந்த உரிமத்தைப் பிறருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும் என்கிறது தேசிய நிலச் சட்டம். இறந்த அப்பாவின் டி.ஓ.எல். நிலத்தை அண்ணன் தம்பிக்குப் பிரித்துக் கொடுக்கும் சமரசம் இருந்தால், அது சட்டத்தை மீறுகிறதா என்பதே வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஈப்போ பக்கம். வழக்கறிஞரை அங்கே பார்க்கலாம். ஆனால் நாம் பகாங் மாநிலத்தார், நமக்கான உயர் நீதிமன்றங்கள் தெமர்லோவிலும் குவாந்தானிலும் இருக்கின்றன. பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள். சமரசத்தில் வாங்கிய பணத்தைச் செலவழிக்காமல் வையுங்கள். ஒப்பந்தத்தை முறிப்பவர் பெற்ற பலனைத் திருப்பித்தர வேண்டும்.

புதிய வழக்குப் போட்டதாலேயே பழைய தீர்ப்பு நின்றுவிடாது. நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கும் உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். வழக்குப் பதிவாகும் அன்றே அதையும் கேட்கச் சொல்லுங்கள்.