மருந்துப் புட்டிக்கு முன் தண்ணீர்: வண்ண மீன் வைத்தியத்தில் ஒரு வேலை

கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கம் இருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய் வருகிற இளைஞர்கள் கைத்தொழில் ஒன்று கற்றுக்கொள்ள நினைத்தால், வண்ண மீன் வைத்தியத்தை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம். மீன் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நோய்ப்பட்ட மீனைப் பார்த்து இன்னதுதான் காரணம் என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஓசூரிலும் அதைத் தாண்டிப் பெங்களூரிலும் கிளினிக், ஓட்டல் வரவேற்பறை, அடுக்குமாடி வீடு என்று கண்ணாடித் தொட்டி இல்லாத இடம் இல்லை. மாதக் கட்டணத்துக்குத் தொட்டி பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். மீனைச் சாகவிடாதவரிடம்தான் அந்த வாடிக்கை நிலைக்கும். தமிழோடு கொஞ்சம் கன்னடமும் தெலுங்கும் பேச வந்தால் இன்னும் நல்லது. இந்த எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு அது தானாகவே வந்திருக்கும்.

“அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பாத்தா ரெண்டு செத்து மெதக்குது.” வாடிக்கையாளர் இப்படி வந்து நின்றதும் பல கடைகளில் கை நேராக நீல மருந்துப் புட்டிக்குப் போகும். அந்தக் கையை நிறுத்தப் பழகுங்கள். முதலில் கேளுங்கள்: தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது? கடைசியாக எப்போது, எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள்? அது எந்தத் தண்ணீர்? புது மீன் ஏதாவது விட்டீர்களா? பில்டரைக் கழுவினீர்களா, எதில் கழுவினீர்கள்? நோய் என்று வருகிற பாதிப் பிரச்சினைக்குப் பதில் இந்தக் கேள்விகளிலேயே கிடைத்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பது நம் மாவட்டத்தில் பெரிய கேள்வி. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். இன்று ஒரே வீட்டில் ஒரு குழாயில் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் போர்வெல் தண்ணீர். குடிநீர்க் குழாயில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைச் சுட்டுவிடும். ஒரு நாள் ஏர் பம்ப் போட்டு வைத்தால் குளோரின் போய்விடும், அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. போர்வெல் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம், கடினத்தன்மையும் கூடுதல். மோட்டார் போட்டதும் பிடித்துச் சோதித்தால் பி.எச். ஒரு அளவு காட்டும். ஒரு நாள் காற்று ஏற்றிய பிறகு பார்த்தால் அது ஏறியிருக்கும். இரண்டாவது அளவைத்தான் நம்ப வேண்டும்.

பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவின் விஷம் அதைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8-ல் அது சுமார் 5 சதவீதம். 9-ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் சென்னைக் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் விடும் அம்மோனியா அளவு, பி.எச். ஏறிய போர்வெல் தண்ணீர் நிரப்பிய கல்லாவித் தொட்டியில் மீனைக் கொல்லும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், செவுள் சிவந்து தெரியும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை ஜீரணிக்கும் பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவியவர் அந்தப் பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவியிருப்பார். அம்மோனியா ஏறினால் மருந்து, பாதித் தண்ணீரை மாற்றுவதும் தீனியை நிறுத்துவதும்தான். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். சோதிக்கும் சொட்டு டெஸ்ட் கிட்தான் உங்கள் முதல் முதலீடு.

வெள்ளைப் புள்ளியும் வெள்ளைத் திட்டும்

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் துவண்டால் நோயைத் தேடலாம். அதிகம் பார்க்கப் போவது வெள்ளைப் புள்ளி நோய். ரவையைத் தூவியது போல உடலிலும் துடுப்பிலும் புள்ளிகள். மீன் கல்லில் போய் உரசிக்கொள்ளும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை கொளத்தூரின் வெதுவெதுப்பில் இருந்து பாக்கெட்டில் வந்த மீன், மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் இறங்கினால் இந்த நோய் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து தரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகப் பிரிந்து நீந்த வரும். மருந்து கொல்வது நீந்தும் அந்தக் குஞ்சுகளை மட்டுமே. அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு ஒரே வாரத்தில் நோய் திரும்புகிறது. வெப்பத்தை மெதுவாக 30 டிகிரி வரை ஏற்றினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும், மருந்துக்கும் அகப்படும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் கூடவே ஒரு ஏர் ஸ்டோன் அதிகமாகப் போடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் சிகிச்சை தொடர வேண்டும்.

ஆனால் எல்லா வெள்ளையும் இதுவல்ல. வாயைச் சுற்றிப் பஞ்சு படிந்தது போலவோ முதுகில் சேணம் போட்டது போலவோ வெளிறிய திட்டு வந்தால், அது பூஞ்சை என்றுதான் பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இதற்கு வெப்பத்தை ஏற்றினால் ஒன்றிரண்டு நாளில் தொட்டியே காலி. ஒரு வெள்ளைக்குச் சூடு மருந்து, மற்றதற்கு அதே சூடு எமன். கண்ணால் மட்டும் பார்த்துச் சிகிச்சை சொல்லக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பழைய பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் ஒன்று கிடைத்தால் போதும். ஈரக் கையால் மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப்பின் விளிம்பால் பக்கவாட்டுச் செதில்மேல் தலையில் இருந்து வால் பக்கமாக மெல்ல ஒரு வழி வழியுங்கள். அந்தக் கோழையை ஒரு துளி தொட்டித் தண்ணீரோடு ஸ்லைடில் வைத்து நூறு மடங்கில் பாருங்கள். உருண்டையாக, மெதுவாகச் சுழன்றுகொண்டு, உள்ளே குதிரை லாடம் போல ஒரு உட்கரு தெரிந்தால் அது வெள்ளைப் புள்ளிதான், சந்தேகமே வேண்டாம். புழுப்போல நீண்டு சுருங்கி, ஒரு முனையில் கொக்கி காட்டினால் தட்டைப்புழு. அதற்கு வேறு மருந்து. இதை வாடிக்கையாளரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவர் வேறு ஆளிடம் போக மாட்டார்.

செதில் எல்லாம் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் பெரும்பாலும் பிழைக்காது. அதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை. உடம்பு இளைத்துக்கொண்டே போய், புண் ஆறாத மீனைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது மீன் காசநோயாக இருக்கலாம். அதன் கிருமி, கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் புண்ணாக வேர்விடும்.

உப்பு என்கிற பழைய மருந்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது, அளந்து போட்டால். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி கணக்குப்படி 54 லிட்டர். மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக உண்மையில் 45 லிட்டர்தான் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 90 கிராம் கல் உப்பு, தனியாகக் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக. செதில் இல்லாத கெளுத்தி இனங்களுக்கும் செடி வைத்த தொட்டிக்கும் இதைக் குறைக்க வேண்டும். “ஒரு கைப்பிடி போடுங்க” என்று சொல்கிறவரிடம் தொழில் கற்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கை மருந்துக் கடையில் மாத்திரையாக வாங்கிப் பொடித்துப் போடுவது இந்தத் தொழிலின் பெரிய அசிங்கம். கிருமி பழகிக்கொள்ளும், பில்டர் பாக்டீரியாவும் சாகும். அதைக் கால்நடை மருத்துவர் எழுதித்தரட்டும். மாலகைட் கிரீன் உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து. கட்லா, ரோகு, திலேப்பியா வளர்க்கிற குட்டைப் பக்கமே அது போகக் கூடாது. வாடிக்கையாளர் வேண்டாம் என்று கொடுத்த சக்கர் மீனை ஏரியில் விடவும் கூடாது. தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் அது பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது.

எங்கே படிக்கலாம்

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல்) பட்டப்படிப்பு இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின்கீழ் தூத்துக்குடி, பொன்னேரி உள்ளிட்ட இடங்களில் கல்லூரிகள் உள்ளன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, அதே பல்கலைக்கழகத்தின் நீடித்த மீன்வளர்ப்பு மையம் பக்கத்திலேயே பாரூரில் இருக்கிறது. அங்கே திலேப்பியாதான் முக்கியம் என்றாலும் நீர்ச் சோதனையும் நோய்க் கவனிப்பும் எல்லா மீனுக்கும் பொதுவான பாடம். என்ன பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், புறக்கடை வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு நிர்ணயித்து, பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம் வைத்தது. இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் கடன் வாங்க வேண்டும்.

வேலையைத் தொடங்கியதும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள்: தேதி, வெப்பம், பி.எச்., அம்மோனியா, விட்ட மீன், போட்ட மருந்து, அளவு. புது மீனைத் தனித் தொட்டியில் குறைந்தது இரண்டு வாரம் வைத்த பிறகே சேர்ப்பேன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்குப் பிடிபடாத நோய் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செத்து மிதக்கும் மீனைக் கொண்டுபோய்ப் பயனில்லை. அழுகத் தொடங்கியதும் கண்ட பாக்டீரியாவும் ஏறிவிடும். அறிகுறி தெரிகிற, இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டு மூன்று மீனை ஆக்சிஜன் பாக்கெட்டில் கட்டுங்கள். மருந்து போடுவதற்கு முன்பே எடுத்த தொட்டித் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் தனியாகப் பிடியுங்கள். நோட்டில் உள்ள அந்தத் தொட்டியின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள்.