செவுளில் ஒரு வாயில், குடலில் ஒரு வாயில்

படூருக்கு அணித்தே உள்ளது முட்டுக்காட்டுக் கழிமுகம். மழைக்காலத்தில் அங்கு உவர்ப்புக் குன்றும், கோடையில் மிகும். கொடுவா மீனோ இரு நிலையிலும் வாழ்கிறது. 1997இல் மைய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்த மீன் அது.

கடல்நீரின் உப்புச் செறிவு மீனின் குருதியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. ஆதலின் மீனுடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறுகிறது. ஈடுசெய்ய மீன் கடல்நீரையே பருகுகிறது. உடன்வரும் உப்பை என் செய்வது? குடலின் எபிதீலியச் செல்கள் குளோரைடை ஏற்று, மாற்றாகப் பைகார்பனேட்டைக் குடலுள் விடுகின்றன. அது கால்சியத்தோடு கூடி வெண்துகளாகப் படிகிறது. கரைபொருள் குறையவே, நீர் எளிதில் குருதியைச் சேர்கிறது. மிகுந்த குளோரைடைச் செவுளின் செல்கள் சி.எஃப்.டி.ஆர். என்னும் புரத வாயில் வழியே கடலுக்கே தள்ளுகின்றன. சோடியம் செல்களின் இடுக்கு வழியே பின்தொடர்கிறது. நன்னீர் புகுங்கால் இப்பணி ஒடுங்கும். செவுள் உப்பை உள்ளீர்க்கத் தொடங்கும்.

அவ்வாயில் நம் குடலிலும் உண்டு. அங்கே அது உயிருக்கு உலையாவதும் உண்டு. காலராக் கிருமியின் நஞ்சு (அதனை 1959இல் கல்கத்தாவில் மெய்ப்பித்தவர் சம்புநாத் டே) வாயிலை மூடவொட்டாது செய்கிறது. குளோரைடும் பைகார்பனேட்டும் வெளியேற, நீரும் உடன் போகிறது. 1992இல் சென்னையில் ஓ139 எனும் புதுவகைக் கிருமி தோன்றியபோதும் நிகழ்ந்தது இதுவே. ஆயினும் சர்க்கரையோடு சோடியத்தை ஏற்கும் மற்றொரு வழியை நஞ்சு தீண்டுவதில்லை. உப்புக் கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது சோடியத்தையும், அதன்பின் நீரையும், உள்ளே அழைத்துச் செல்வதற்காக.