டிராக்டரில் மீட்டர் விளக்கு எரியவில்லையா?

பழைய டிராக்டர் வைத்திருப்போர் பலர், மீட்டர் போர்டில் விளக்கு எரியாவிட்டால் அதைப் பொருட்படுத்துவதில்லை. வண்டி ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆயில் அழுத்தம் இறங்கினால் ஓட்டுபவரை எச்சரிப்பது அந்தச் சிறு விளக்குதான். எச்சரிக்கை தெரியாமல், ஆயில் அழுத்தம் இல்லாத என்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டினாலே பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் பிடித்துக்கொள்ளும். அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு இரவில் கரும்பு ஏற்றிச் செல்வோருக்கு, மீட்டரில் வெளிச்சம் இல்லாவிட்டால் என்ஜின் சூடேறுவதும் தெரியாது.

இந்தப் பழுதைப் பெரும்பாலும் விவசாயிகளே சரிசெய்துகொள்ளலாம்.

பழுதுக்குக் காரணம்

டிராக்டரில் மின்சாரம் ஒயர் வழியாக விளக்குக்கு வந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியையே எர்த் என்கிறோம். துருவோ, பெயிண்டோ, உப்போ இடையில் படிந்தால் வழி அடைபடும். அப்போது நல்ல பல்பும் எரியாது.

பாலாற்றுப் பகுதியில் இந்தத் தொல்லைக்குக் கூடுதல் காரணம் உண்டு. தோல் பதனிடும் கழிவால் இங்கு நிலத்தடி நீர் கெட்டதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துக் கூறியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உப்பேறிய கிணற்று நீரில் டிராக்டரைக் கழுவினால், ஒயர் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறும். இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

அறிகுறிகள்

1. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை: பல்பு அல்லது அதன் ஹோல்டர்.
2. எல்லா மீட்டர் விளக்குகளும் எரியவில்லை: பியூஸ், சுவிட்சு அல்லது எர்த்.
3. எல்லாம் மங்கலாக எரிகின்றன, அல்லது ஒரு விளக்கைப் போட்டால் வேறொன்று மினுங்குகிறது: எர்த் பழுது.
4. மேடு பள்ளத்தில் அணைந்து அணைந்து எரிகிறது: இணைப்பு தளர்ந்துள்ளது.

சரிசெய்யும் முறை

முதலில் பாட்டரியில் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டி உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பிறகு மீட்டர் போர்டின் திருகுகளைக் கழற்றி மெதுவாக முன்னே இழுங்கள். ஆயில் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் சில வண்டிகளில் மெல்லிய குழாய் வரும். அது மடங்கி ஒடிந்தால் மீட்டரே வீண்.

பல்பில் இழை அறுந்திருந்தால் அதே வோல்ட், அதே வாட் உள்ள பல்பை மாற்றுங்கள். கூடுதல் வாட் போட்டால் பிளாஸ்டிக் உருகும். ஹோல்டரின் உட்புறத்தையும் ஒயர் முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள்.

அதன்பின் பாட்டரியை இணைத்துச் சோதியுங்கள். இரண்டு ஒயர் கட்டிய 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். ஒரு முனையைச் சுத்தமான இரும்பில் வைத்து, மறுமுனையால் ஹோல்டரின் நடுப்புள்ளியைத் தொடுங்கள். விளக்கு சுவிட்சைப் போட்டதும் சோதனை பல்பு எரிந்தால் மின்சாரம் வருகிறது. எரியாவிட்டால் பியூஸையும் சுவிட்சையும் பாருங்கள். அடுத்து சுவிட்சை அணைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலும், மறுமுனையை ஹோல்டரின் கூட்டிலும் வையுங்கள். எரியாவிட்டால் எர்த் இல்லை. மீட்டர் போர்டிலிருந்து வண்டி உடலின் சுரண்டிய இடத்துக்குத் தனியாக ஓர் ஒயர் போட்டு போல்ட்டால் இறுக்குங்கள்.

ஆயில் விளக்கு

சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால், என்ஜினில் உள்ள ஆயில் சுவிட்சின் ஒயரைக் கழற்றி என்ஜின் இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சு பழுது. எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர் பழுது. ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில் சார்ஜ் விளக்கு வழியாகச் செல்லும் மின்சாரமே ஆல்டர்னேட்டரை இயக்கத் தொடங்குகிறது. அந்தப் பல்பு போனால் பாட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம். அங்கே எல்.இ.டி. பல்பு வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

பியூஸ் எரிந்தால் சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றக் கூடாது, ஒயர் தீப்பற்றும். அதே ஆம்பியர் பியூஸ் போட்டும் மீண்டும் எரிந்தால், ஒயர் எங்கோ உரசுகிறது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

வண்டி கழுவும்போது மீட்டர் போர்டில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். உப்பு நீரில் கழுவினால் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். இறுக்கிய இணைப்புகளின் மேல் சிறிது வாசலின் தடவினால் களிம்பு ஏறாது.

அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவிட்டால், பருவத்தின் நடுவே என்ஜினைப் பிரிக்கும் நிலை வராமல் காத்துக்கொள்ளலாம்.