தாத்தா எந்த மாவட்டம்?

செஞ்சி வட்டாரத்திலுள்ள அரசுப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். நம் ஊர் வரலாறு என்றதும் பிள்ளைகள் ராஜா தேசிங்கு என்பார்கள், அதோடு நின்றுவிடுவார்கள். எனவே, வீட்டிலுள்ள பழைய ஆவணம் ஒன்றைப் பார்த்து, அதன் ஆண்டையும் மாவட்டப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவி தயங்கி நின்றாள். தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்ததாம். "நாங்க வேற ஊர்லேருந்து வந்தவங்களா சார்?" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எல்லாத் தாள்களையும் ஆண்டு வரிசையில் சுவரில் ஒட்டச் செய்தேன். பழையவற்றில் தென்னாற்காடு, புதியவற்றில் விழுப்புரம். சிரித்தவர்களில் இருவரின் தாளிலும் தென்னாற்காடுதான். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானதைச் சொன்னேன். "அப்ப தாத்தா நகரல சார், கோடுதான் நகர்ந்திருக்கு" என்றாள் அவள்.

அங்கிருந்து பின்னோக்கிச் சென்றோம். 1801இல் ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பெனி வசமானது. செஞ்சிக் கோட்டையை 1761இல் ஆங்கிலேயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும் பிடித்தனர். 1714இல் நவாபின் படையுடன் போரிட்டுத் தேசிங்கு மாண்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயரும், 1677இல் சிவாஜியும் கைப்பற்றினர். அதற்கு முன் பீஜப்பூர் சுல்தான், நாயக்கர்கள். 13ஆம் நூற்றாண்டில் ஆனந்தக் கோன் முதலில் அரண் எழுப்பினார் என்பது மரபுச் செய்தி.

கோட்டைக்கும் முந்தையது திருநாதர்குன்றுக் கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரை அது குறிக்கிறது. தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிய காலத்துச் சான்று அது. அரசர் பெயரின்றியும் வரலாறு நிற்கும் என்பதற்குப் பிள்ளைகள் இதையே எடுத்துக்காட்டினர்.

இச்செயல்பாட்டை எந்த மாவட்டத்திலும் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள்: மூல ஆவணத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். பட்டாவை மட்டும் கேட்கவும் வேண்டாம்; நிலமில்லாத வீட்டுப் பிள்ளை தலைகுனிய நேரும். குடும்ப அட்டை, திருமண அழைப்பிதழ், பழைய அஞ்சலட்டை எதுவாயினும் போதும்.

அந்த மாணவியின் தாள் இன்னும் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே, "தாத்தா ஊர் செஞ்சி" என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள்.