ஹெட்லைட்டும் நியாய சூத்திரமும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது நீ கேட்ட கேள்வி என்னை விட்டபாடில்லை. "பருத்திப்பட்டு தாண்டினா ரோட்ல லைட்டே எரியல சார். எதிர்ல வர்றவன் எல்லாம் பிரைட்ல வர்றான். நான் மட்டும் டிம்ல போனா எனக்கு என்ன தெரியும்? அதான் நானும் ஒரு எல்.இ.டி. மாட்டிட்டேன்" என்றாய். ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு. உன் டீச்சரம்மா பஜ்ஜி போட்டு எடுத்து வந்துவிட்டதால் அன்று தப்பித்தாய். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சென்னையில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைகிற நாள் எது? டிசம்பர் 21 என்று சொல்லித் தொலைக்காதே. பகல் மிகக் குறைவாக இருப்பது அன்றுதான். ஆனால் அஸ்தமனம் மிகவும் முந்திக்கொள்வது நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, மாலை 5.40 ஆவதற்குள் மறைந்துவிடும். டிசம்பர் 21க்குள் அது 5.45ஐத் தாண்டிவிடுகிறது. ஜூன் கடைசியில் 6.35க்கு மேலும் வெளிச்சம் இருக்கும். உங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஜெனரல் ஷிப்ட் விடுவது ஐந்தரைக்கு என்று வைத்துக்கொள். ஜூனில் வெயில் முகத்தில் அடிக்க வீட்டுக்குப் போகிற அதே கூட்டம், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதே நேரத்துக்கு அந்தியில், பாதி நாள் மழையில், சி.டி.எச். ரோட்டில் இறங்குகிறது. நம் ஊர் அட்சரேகையில் அந்தியும் நீளாது. சூரியன் மறைந்த அரை மணிக்குள் முகம் தெரியாத இருட்டு வந்துவிடும். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை மனிதர்கள் மிக மோசமாக வண்டி ஓட்டும் நேரம் எது என்று என்னைக் கேட்டால், நள்ளிரவு என்று சொல்ல மாட்டேன். இந்த அரை மணிதான். விளக்குப் போடாதவனும், போட்டதை இறக்காதவனும் ஒன்றாகக் கலந்து வருகிற நேரம் அது.

இனி உன் எல்.இ.டி.க்கு வருகிறேன். கழற்றிப் போட்ட பழைய ஹாலஜன் பல்பு இன்னும் டூல்பாக்ஸில் கிடக்கிறது என்றாயே, அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். உன் வண்டியில் இருந்தது பெரும்பாலும் 35/35 வாட் பல்பாக இருக்கும்; காரில் 60/55 வாட். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். அவற்றில் ஒன்றுக்குக் கீழே மட்டும் சின்னக் கரண்டி மாதிரி ஓர் உலோகத் தகடு இருக்கும். அதுதான் டிம் இழை. நான் பாடம் நடத்திய காலத்தில் இந்தத் தகட்டைக் காட்டாமல் ஒளியியல் வகுப்பை முடித்ததே இல்லை. அது செய்கிற வேலையைப் பார். டிம் இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டர் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் விழாமல் அது தடுத்துவிடுகிறது. மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் திரும்பி வருகிறது. இழை கிண்ணத்தின் குவியத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால், மேல்பாதியில் பட்டது கீழ்நோக்கியே போகும். கீழ்ப்பாதியில் பட்டிருந்தால் மேலே கிளம்பி எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போயிருக்கும். அந்தத் தகட்டை வைத்தவர்கள் அதோடு நிறுத்தவும் இல்லை. அதன் ஒரு விளிம்பைச் சற்றே சாய்த்து வெட்டினார்கள். அதனால் டிம் வெளிச்சத்தின் மேல்கோடு ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து விழும். நாம் இடது பக்கம் போகிறவர்கள்; நமக்கு உயர்வது இடது பக்கம். ஓரமாக நடந்து போகிறவரின் இடுப்பு வரை தெரியும், வலது பக்கம் எதிரே வருகிறவனுக்குக் கூசாது. மோட்டார், சிப், சாஃப்ட்வேர் எதுவும் இல்லாமல் ஒரு துண்டுத் தகரம் இவ்வளவும் செய்கிறது!

நீ மாட்டியிருப்பதில் தட்டையான குச்சியின் இரு பக்கமும் ஒளிப்புள்ளிகள் ஒட்டியிருக்கும். கிண்ணத்தின் வளைவு, இழை எந்த மில்லிமீட்டரில் நிற்கும் என்று கணக்கிட்டு வார்க்கப்பட்டது. வெளிச்சம் பிறக்கிற இடமும் அளவும் மாறினால் அந்தக் கணக்கு மொத்தமும் குலைகிறது. நீ டிம் போட்டாலும் அது டிம் இல்லை. நாலு பக்கமும் சிதறுகிற வெறும் வெளிச்சம். கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வருகிற வண்டிகளைக் குறை சொல்லவில்லை. அவற்றின் விளக்கு முழுவதும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். இருக்கிறது. அவர்களும் ஜப்பானின் கொய்ட்டோவும் சேர்ந்து 1990களில் தொடங்கிய விளக்குத் தொழிற்சாலை திருமழிசையைத் தாண்டிப் புதுச்சத்திரத்தில் இருக்கிறது. உலகத் தரத்தில் ஹெட்லைட் செய்கிற ஊர்க்காரன் நீ. அதைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாத டப்பாவில் வந்த ஒன்றை மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய்.

உன் கேள்வியின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. வண்டியின் விளக்கு வண்டியின் கண். அதிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொட்டால்தான் பார்வை. கதிர் பலமாக இருந்தால் பார்வையும் பலம். இது உனக்கு மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை. மிகப் பழையது, மரியாதைக்குரியவர்கள் நம்பியது. யூக்ளிட் அப்படித்தான் நினைத்தார். நம் நியாய தரிசனக்காரர்களும் அப்படியே. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதை ஒட்டி ஒரு ருசியான விவாதம் வருகிறது. கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறது என்கிறீர்களே, அது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை என்று எதிர்க்கட்சி மடக்குகிறது. அதற்குச் சூத்திரகாரர் தரும் பதில்களில் ஒன்று, இரவில் திரிகிற பிராணிகளின் கண்ணில் கதிர் தெரிகிறதே என்பது. உரைகாரர்கள் அதற்குப் பூனையை இழுத்து வருவார்கள். எங்கள் தெருப் பூனை இரவில் மதில்மேல் உட்கார்ந்து முறைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சூத்திரம் ஞாபகம் வரும்.

கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறது என்ற நம்பிக்கையை உடைத்தவர்களில் முதன்மையானவர் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம். அவர் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? பலமான வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்பதிலிருந்து. கண் கதிரை அனுப்புகிற உறுப்பாக இருந்தால் வெளியில் இருக்கிற வெளிச்சம் அதை ஏன் நோகடிக்க வேண்டும்? வெளிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தீர்ந்துபோன வழக்கு இது. ஆவடி–பூந்தமல்லி சாலையில் மட்டும் தினமும் இரவு அப்பீல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பூனையையும் பாதியில் விடக்கூடாது. அதன் விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் உண்டு. வந்த வெளிச்சம் அதில் பட்டு, வந்த திசையிலேயே திரும்புகிறது. கையில் டார்ச் வைத்திருக்கிற உனக்குத்தான் அந்தக் கண் எரியும். பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு எரியாது. இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர் பெர்சி ஷா 1934இல் இந்த நுணுக்கத்தைச் சாலையில் பதித்துக் காப்புரிமை வாங்கினார். இன்று வெளிவட்டச் சாலையில் உன் முன்னால் வரிசையாக மின்னுகிற குமிழ்கள் அந்த வம்சம்தான். லாரியின் பின்னால் ஒட்டுகிற சிவப்புப் பட்டையும், உன் மட்கார்டில் இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டரும் அப்படியே. இவற்றை எழுப்ப பிரைட் தேவையில்லை. டிம்மின் சிறு வெளிச்சம் போதும். அப்படியிருக்க நாம் என்ன செய்கிறோம்? முன்னால் சூரியனையே கட்டிக்கொள்கிறோம். பின்னால் ரிஃப்ளெக்டர் உடைந்தால் மாற்றுவதில்லை. பின்விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள். செந்நீர்குப்பம் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று பார். பின்விளக்கே இல்லாத ஷேர் ஆட்டோவும், சேறு அப்பிய டிப்பரும், ஓரத்தில் விளக்கின்றி நிறுத்திய தண்ணி லாரியும் வரிசையாக அணிவகுக்கும். விளக்கு வைப்பது நாம் பார்க்க மட்டுமில்லை தம்பி, மற்றவர் நம்மைப் பார்க்கவும்தான். 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு தானாக எரிவது அதற்காகத்தான். "பகல்ல லைட் எரியுதுப்பா" என்று கை ஆட்டிச் சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், விடு.

மழை நாளில் இன்னொன்று நடக்கும். காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பானது. உன் வெளிச்சம் அதில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். ஒரு பங்கு உன் கண்ணுக்குத் திரும்பி வரும், அதனால் சாலை தெரியும். மழை பெய்து மேலே தண்ணீர்ப்படலம் நின்றால் சாலை கண்ணாடியாகிவிடும். உன் வெளிச்சம் வழுக்கி முன்னால் ஓடிவிடும், உனக்குத் திரும்பாது. எதிரே வருகிறவன் வெளிச்சமோ அதே கண்ணாடியில் பட்டு நேரே உன் முகத்துக்கு வரும். வெள்ளைக்கோட்டுப் பெயின்டில் கலந்திருக்கிற கண்ணாடி மணிகளும் தண்ணீரில் மூழ்கி வேலை செய்யாது. இந்த நிலையில் நீ பிரைட் போட்டால் உனக்குக் கூடுதலாகத் தெரியப்போவது மழைத்துளிகள் மட்டுமே. அவன் கண்ணுக்கோ ஒன்றுக்கு இரண்டு விளக்கு, ஒன்று நேரே, ஒன்று தரையிலிருந்து. கண் கூசிய பிறகு தெளிய மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அவன் 33 மீட்டர் குருடாக வருகிறான். வருவது உன்னை நோக்கித்தான்.

சரி, உன் கேள்விக்கு நேரான பதில். டிம்மில் எவ்வளவு தெரியும்? சரியாக இறக்கி வைத்த டிம் 40, 50 மீட்டராவது சாலையைக் காட்டும். ஈரச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், சுதாரிக்கிற நேரத்தையும் சேர்த்து, வண்டி நிற்க ஏறக்குறைய 33 மீட்டர் வேண்டும். 60இல் போனால் 60 மீட்டர். ஆகவே டிம் உனக்குப் போதவில்லை என்றால் குறைக்க வேண்டியது வேகத்தை. எதிரே யாரும் இல்லாத வெறும் சாலையில் பிரைட் போடு, யார் வேண்டாம் என்றார்கள்? எதிரே வெளிச்சம் தெரிந்ததும் இறக்கு. அவன் இறக்காவிட்டால் பதிலுக்கு அடிக்காதே. இரண்டு குருடர்கள் ஒருவனைவிட ஆபத்து. அந்த நேரத்தில் அவன் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பார். இதற்குக் கணக்கு இருக்கிறது. 1920களில் ஹாலடேயும் ஸ்டைல்ஸும் அளந்து சொன்னது: பார்வைக்கும் கூசும் விளக்குக்கும் நடுவில் உள்ள கோணம் இரண்டு மடங்கானால் கூச்சத்தின் தொல்லை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், கண்ணை நகர்த்தினால் போதும்.

அதே மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி சொல்வதையும் கேள். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அதற்குக் கூசக்கூடாது. எதிரே வருகிற மனிதனின் கண் எங்கே இருக்கும் என்று சட்டமே அளந்து வைத்திருக்கிறது. ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று உன் மாமா சொல்வார். பல்பின் நுனியில் ஏற்கெனவே கறுப்புப் பூச்சு இருக்கிறது என்று அவரிடம் சொல்.

விளக்கை இறக்கி வைத்தாலும் பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். 2 டிகிரி தூக்கினால் போதும், 30 மீட்டரில் வெளிச்சம் ஒரு மீட்டர் மேலே ஏறிவிடும். யாரையாவது பின்னால் உட்கார வைத்து, சமதரையில் ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிமிர்த்திப் பிடி. விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறி. டிம் வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் விளக்கின் அடியில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகு.

மழை வந்ததும் நாலு இண்டிகேட்டரையும் தட்டிவிட்டு ஓடுகிற கார்க்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்குக் கோபம் இருக்கிறது. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கரையான்சாவடி சந்திப்பில் நேராகப் போவதற்கும் அதையே போடுகிறார்கள். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. ஓடுகிற வண்டியில் அது இண்டிகேட்டரைத் தின்றுவிடும். நீ காரில் போகும் நாள் வரும். அப்போது இந்தப் பழக்கத்தையும் கூட்டிக்கொண்டு போகாதே.

ஞாயிற்றுக்கிழமை அந்த எல்.இ.டி.யைக் கழற்றி டூல்பாக்ஸில் இருக்கிற பழைய பல்பை மாட்டு. ஹெல்மெட் வைசரில் கீறல் இருந்தால் அதையும் மாற்று. ஒவ்வொரு கீறலும் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். முக்கியமாக, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல். எரியாவிட்டால் திங்கட்கிழமை வண்டியை எடுக்காதே. டீச்சரம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் ஆசிரியன்