உறையிட்ட நாணயம் வாங்குவோருக்கு

பழைய நாணயங்களைப் பரிசீலித்துத் தர எண் இட்டு, உடைத்தாலன்றித் திறக்க இயலாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும் வழக்கம், அமெரிக்காவில் 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற தர நிர்ணய ஸ்தாபனமும் மறு வருஷம் என்.ஜி.சி.யும் தோன்றிய பின்னரே பிரபலமாயிற்று. நாணயவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் செப்பு சென்ட்டுகளுக்கென வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவே அதற்கு ஆதாரம்.

உறைச் சீட்டிலுள்ள சான்று எண்ணை உறையிட்ட ஸ்தாபனத்தின் இணையப் பதிவேட்டில் தேடி, அங்கே படம் இருக்குமாயின் நாணயத்தின் கீறலையும் கறையையும் அதனோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். உறையையே போலியாகச் செய்யும் சாமர்த்தியசாலிகள் உண்டு. 64-க்கும் 65-க்கும் உள்ள பேதம் கண்ணுக்கு அற்பமாயினும், விலையில் சில சமயம் பன்மடங்காகிவிடுவதால், எண்ணில் மயங்காமல் நாணயத்தின் முகத்தைப் பார்த்து வாங்குவதே விவேகம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கோ பெரும்பாலும் தர எண்ணே கிடைப்பதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்புத்தான் வரும். (புளி போட்டு விளக்கும் நம் வீட்டுச் சுறுசுறுப்பைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்வது நலம்.)

சாமானியக் காசைத் தரம் பார்க்க அனுப்பினால் கட்டணமே அதன் விலையை விழுங்கிவிடும். அதற்கு மைலார் உறை போதும், பி.வி.சி. உறையானால் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும்.